முன்பல்லும் ட்ரம்பெட்டும்

இன்று லண்டன் ரெய்னர்ஸ் லேனில் பல் டொக்டரிடம் காத்திருந்தபோது, ரேடியோவில் அறுபதுகளின் ட்ரம்பெட் இசை ஒன்று துள்ளிக்கொண்டு போனது. பாட்டுக் கிடையாது, முழுக்க ஊதல்தான்.

"பிள்ளை, இந்த மியூசிக்கில யாழ்ப்பாணத்தில என்னை விட்டா ஆளில்லை" என்று வரவேற்பில் இருந்த நம்மூர்ப் பெண்ணிடம் சொன்னேன்.

"போனமுறை ஒபேராவுக்கும் இதைத்தானே சொன்னனீங்கள், அங்கிள்?"

பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர், அதில் இரண்டாவது ட்ரம்பெட் ஊதியது தான்தான் என்றார். இசைத்தட்டின் உறையில் குட்டைப்பாவாடைப் பெண்ணின் படம் மட்டும்தானாம், இவர் பெயர் இல்லையாம். மனைவி போனபின் வீட்டில் கேட்கும் ஒரே சத்தம் இவர் ஊதும் ட்ரம்பெட்தானாம். இன்று முன்பற்களைப் பிடுங்கப் போகிறார்கள். ஊதும்போது உதட்டைத் தாங்குவது அந்தப் பற்கள்தானாம்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. எங்கள் ஊரில் பல்லே இல்லாத நாதஸ்வரக்காரர் ஒருவர் விடிய விடிய ஊதுகிறார் என்று அடித்துவிட்டேன்.

கிழவர் என் கையை இறுகப் பிடித்துவிட்டு உள்ளே போனார். பஞ்சு அடைத்த வாயோடு வெளியே வந்தவருக்குப் பேச முடியவில்லை. நாதஸ்வரக்காரரின் எண்ணைப் பதியச் சொல்லித் தன் போனை நீட்டினார்.

என் எண்ணையே பதிந்து கொடுத்தேன்.

பல்லில்லாத நாதஸ்வரக்காரர் யாரையாவது தெரிந்தால் உடனே கீழே எழுதுங்கள். இல்லாவிட்டால் அவர் கூப்பிடும்போது நான்தான் பல்லைக் கழற்றிவைத்துப் பேசவேண்டும்.