வேரில் படிந்த வெள்ளை

போன வாரம் புதுச்சேரியில் ஒரு பல் டாக்டரிடம் போய்க் காத்திருந்தேன். ஜன்னலோரம் ஓர் ஆர்க்கிட் செடி. தொட்டியைத் தாண்டி வெள்ளை வெள்ளையாக வேர்கள் தொங்கின. வரவேற்பறைப் பெண் கத்தரிக்கோலோடு வந்தாள். பல்வலியை மறந்து, "ஐயோ, வெட்டாதம்மா!" என்று கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

காரணம் இருக்கிறது. நான் மரக்காணத்து உப்பளக்காரர் மகள். எங்கள் வீட்டில் வெள்ளையாக எது ஒட்டியிருந்தாலும் அது உப்புதான். சைக்கிள் பெடலோ, அப்பாவின் குதிகாலோ, கண்டால் சுரண்டிவிடுவோம். 2005இல் குயிலாப்பாளையத்தில் ஜானகி அம்மாவின் ஆர்க்கிட் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தப் பழக்கமும் என்னோடு பஸ் ஏறி வந்தது.

ஒருநாள் ஜானகி அம்மா ஊதாப்பூச் செடி ஒன்றைத் தொட்டி மாற்ற வெளியே எடுத்தார். இறந்துபோன அவருடைய தங்கை கொடுத்தது. தங்கையின் ஞாபகமாக அது ஒன்றுதான் மிச்சம். மக்கிய தேங்காய் மட்டையை உதறி, அழுகிய வேர்களை மட்டும் வெட்டி, வெட்டிய இடத்தில் அழுகல் பரவாமலிருக்க லவங்கப்பட்டைத் தூள் தடவினார். அதற்குள் போன் அடிக்க, உள்ளே போனார். மிச்சமிருந்த வேர்களில் வெள்ளைப் படலம். அடேயப்பா, எவ்வளவு உப்பு! நகத்தால் சுரண்டினேன். நூல் நூலாக நரம்புதான் மிஞ்சியது. அதில் பெருமை வேறு.

திரும்பி வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

"என்னடி பண்ணே?"

"உப்பு புடிச்சிருந்துச்சும்மா. எடுத்துட்டேன்."

அவர் திட்டவில்லை. நான் தொடாமல் விட்டிருந்தது இரண்டே வேர்கள். அதில் ஒன்றின்மேல் தண்ணீர் விட்டார். "இங்க பாரு." என் கண்ணெதிரே வெள்ளை வேர் பச்சையானது. "இது அழுக்கு இல்லடி. இதாலதான் அது தண்ணி குடிக்குது." அப்படியொரு அதிசயத்தை அதுவரை நான் பார்த்ததில்லை. பிறகுதான் அழுகை வந்தது.

கரித்துண்டும் புது மட்டையும் போட்டு, ஆடாமல் குச்சியில் கட்டினோம். வேர்க்காயம் ஆறட்டும் என்று பத்து நாள் தண்ணீர் ஊற்றவில்லை. தினமும் காலையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்ப்பேன். இரண்டாம் மாதம் அடித்தண்டில் அரிசி அளவுக்குப் பச்சையாக ஒரு புது வேர்முனை. கையெடுத்துக் கும்பிட்டேன், சிரிக்காதீர்கள்.

மறு வருடம் பூத்தது. பூ உதிர்ந்ததும் அம்மா அந்தச் செடியை என் முன்னால் வைத்தார். "இந்த வாட்டி நீயே மாத்து." சொல்லிவிட்டு, போன் அடிக்காமலே உள்ளே போய்விட்டார்.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கெஸ்ட் ஹவுஸ். அம்மாவும் இல்லை, செடி யாரிடம் போனதோ. பல் டாக்டரின் செடிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கி ஊற்றினேன். வேர் பச்சையானது.

"யார் ஆன்ட்டி சொல்லிக்குடுத்தாங்க?" என்றாள் அந்தப் பெண். என் கண் கலங்கியதைப் பல்வலி என்று நினைத்து, என்னை முதலில் உள்ளே அனுப்பினாள்.