மேகலா திருத்திய கடைசி வரி

போன வாரம் என் கைப்பேசிக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வந்தது. ஓர் ஆணின் பெயர், பள்ளி நாளில் எடுத்த படத்தில் மீசை அரும்பும் முகம். பழவேற்காட்டில் யாரோ பாவம் என்று விரலால் தள்ளிவிட்டேன். மாலையில், மேகலாவோடு ஒரே வீட்டில் இருந்த ரோஜா அழைத்தாள். "டீச்சர், போஸ்டர் பாத்தீங்களா? அது நம்ம மேகலாதான். மஞ்சக்காமாலைல பூட்டா." சே, என்ன மனுஷி நான்! அவள் வீட்டார் போட்ட அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன்.

பொன்னேரியில் பாடம் நடத்திக்கொண்டு, பதின்வயதினருக்குக் கதை எழுதுகிறவள் நான். மேகலா பழவேற்காட்டில் இறால் விற்றாள். என் நாவலில் வரும் கயல் என்ற பதினாறு வயதுத் திருநங்கைக்காக அவளிடம் பேசப் போனேன். இறால் உரித்துக்கொண்டே ஒவ்வொரு அத்தியாயமாகக் கேட்டாள். கயல் ஏரியில் மூழ்கிச் சாகிறாள் என்று நான் படித்து முடித்ததும் அவள் கை நின்றுவிட்டது.

"ஏன் டீச்சர், எங்கள சாவடிக்காம உங்களுக்குக் கத முடியாதா? எங்கள மாதிரி ஒரு புள்ள ஸ்கூல்ல இத்தப் படிச்சா இன்னா நினைக்கும்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. படிப்பவர் மனம் கலங்க வேண்டாமா என்று வாதாடினேன்.

"கலங்கட்டும். அதுக்கு அவ ஏன் சாவணும்? பாடு வைக்கும்போது அவ பேரக் கூப்புடட்டும்."

ஏரியில் யார், என்றைக்கு, எங்கே வலை போடுவது என்று ஊர் கூடிப் பெயர் கூப்பிட்டு முறை வைப்பார்கள். அதற்குத்தான் பாடு என்று பெயர். மேகலா புடவை கட்டிய வருடம் அவள் பெயரை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். "ஆம்பளைக்குத்தான் பாடுன்னாங்க. நைனா தலைய குனிஞ்சினு நின்னாரு" என்று ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

முடிவை மாற்றி எழுதினேன். ஊர்ப் பெரியவர் கயலின் பெயரைக் கூப்பிடுகிறார். அவள், 'இருக்கிறேன்' என்கிறாள். மேகலா விழுந்து விழுந்து சிரித்தாள். "எங்க ஊரு பொண்ணு அப்டியா பேசும்? கீறேன்னு போடுங்க டீச்சர்."

புத்தகம் இன்னும் அச்சில்தான் இருக்கிறது. அவள் கையில் கொடுக்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

பாடு முறையிலிருந்து எடுத்த அதே பெயரைத்தான் இன்று போஸ்டரில் போட்டிருக்கிறார்கள். அவளைத் தெரிந்தவர்களே, அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். நானும் அதைத் தள்ளிவிட்டவள்தான், அந்த வெட்கம் என்னை விட்டுப் போகாது.

நேற்று அச்சகத்திலிருந்து அழைத்தார்கள். கடைசி வரியில் பிழை இருக்கிறது, 'இருக்கிறேன்' என்று திருத்தலாமா என்று கேட்டார்கள். தொடக்கூடாது என்றேன். மேகலாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு சொல்தான்.

கீறேன்.