துரை சாப்பிட்டதே இல்லை

என் நோயை முதலில் கண்டுபிடித்தது என் மனைவியின் காது.

ஜப்பான்காரன் காலத்தின் இரண்டாம் வருஷம். தோல் செருப்பு கிடைக்காததால் பினாங்கில் பலரும் கட்டைச் செருப்புப் போட்டு நடந்தோம். வெல்ட் கீ துறைமுகத்தில் சரக்குக் கணக்கெடுக்கும் கிராணி (எழுத்தர்) வேலை எனக்கு. ஒரு நாள் வேலை முடிந்து சந்துக்குள் நுழைந்தபோது கமலம் அடுப்படியிலிருந்து கேட்டாள்.

“என்னங்க, ஒத்தைச் சத்தமா வருது?”

குனிந்து பார்த்தேன். வலது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று தெரியவில்லை. உள்ளங்காலில் கண்ணாடிச் சில் கிழித்து, இரத்தம் மண்ணோடு காய்ந்திருந்தது. அதுவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

கமலம் காலைக் கழுவிவிட்டாள். தண்ணீர் பட்டதைக் கண்ணால் பார்த்தேன், காலால் உணரவில்லை. அவளிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். இதைப் படிப்பவர்களில் சிலருக்கு இப்போது சர்க்கரையாலோ வேறெதனாலோ பாதம் மரத்திருக்கலாம். உங்களுக்கு நான் முதலில் சொல்ல நினைப்பது இதுதான். வலிக்கவில்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மறுநாள் மருந்தகத்தில் டிரெஸர் (மருத்துவரின் உதவியாளர்) என்னைப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அப்போது டாக்டர்கள் வருவது அரிது. பாதி ஊருக்கு அவர்தான் வைத்தியம் பார்த்தார். என் கெண்டைக்காலை அழுத்தினார். அங்கே மட்டும் உயிர் போகிற வலி.

“குந்தி இருங்கோ,” என்றார். குத்துக்காலிட்டேன். “இப்ப கை ஊன்றாமல் எழும்புங்கோ பாப்பம்.”

என்னால் முடியவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்தான் தூக்கிவிட்டார்.

“பெரிபெரி,” என்றார். அரிசித் தவிட்டிலும் பயறுகளிலும் உள்ள சத்து உடலுக்குக் கிடைக்காததால் வருவது. எனக்கு வந்திருப்பது உலர் பெரிபெரி (நரம்பு வாடிக் கை கால் மரத்துப்போகும் வகை). ஈரப் பெரிபெரி என்று இன்னொன்று உண்டு (உடலில் நீர் கோத்து இதயத்தைத் தளரச் செய்யும் வகை). அது ஆளைச் சீக்கிரம் கொண்டுபோய்விடும்.

“ஊசி இருக்கோ?” என்று கூட வந்திருந்த கமலம் கேட்டாள், அவர் பேச்சிலேயே.

“இருக்கு. எங்களுக்கு இல்லை, பட்டாளத்துக்கு. நீங்கள் தவிடு குடுங்கோ. பயறு, கச்சான், எது கிடைக்குதோ அது. வெறும் மரவள்ளியில ஆள் தப்பாது.”

தவிடு எளிதில் கிடைக்கவில்லை. பன்றி வளர்ப்பவர்கள் முன்பே வாங்கிவிடுவார்கள். எப்போதாவது கிடைத்ததில் புழு நெளியும். கமலம் அதை வறுத்துச் சலித்துத் தருவாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவேன்.

இங்கே சூசை அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் கப்பலில் வின்ச் (சரக்குத் தூக்கும் பொறி) ஓட்டுபவர். எனக்குப் பதினைந்து வயது மூத்தவர். மனைவியும் பிள்ளைகளும் இந்தியாவில். இங்கே துறைமுகத் தொழிலாளர் லயத்தில் (வரிசை வீடுகளில்) தனியாக இருந்தார். போருக்கு முன்பு ரப்பர் ஏற்ற வரும் அமெரிக்கக் கப்பல்களின் மாலுமிகள் படித்துப் போட்ட வண்ணப் படப் புத்தகங்களை அவர் எடுத்து வருவார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழும் எழுத்துக் கூட்டித்தான். சாப்பாட்டு நேரத்தில் கிடங்கு ஓரம் உட்கார்ந்து நான் அதைத் தமிழில் படித்துச் சொல்வேன். அவர் இல்லாமல் எனக்குப் புத்தகம் இல்லை. நான் இல்லாமல் அவருக்குக் கதை இல்லை.

மாதம் ஒன்றாக வரும் தொடர் அது. நாயகன் பறப்பான், பாலத்தைத் தோளில் தாங்குவான், தோட்டா பட்டால் சிரிப்பான். ஆங்கிலத்தில் அவனுக்கு நீளமான பெயர். சூசை அண்ணன் அவனைப் ‘பறக்குற தொரை’ என்றார். பிறகு இருவருக்கும் வெறும் துரை ஆகிவிட்டான். இருபத்தெட்டு இதழ்கள் சேர்ந்தன. நடுவில் இரண்டு வரவில்லை. அந்த இரண்டில் என்ன நடந்திருக்கும் என்று நாங்கள் வாதாடிய அளவுக்கு, வந்த இதழ்களைப் பற்றிப் பேசியதில்லை. நீண்ட தொடரைப் படிப்பவர்களுக்கு இது புரியும். ஓட்டை விழுந்த இடத்தில்தான் வாசகன் குடியேறுகிறான்.

நாற்பத்தொன்றாம் வருஷம் டிசம்பரில் குண்டு விழுந்தது. ஊரிலிருந்த நிஜத் துரைமார்கள் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கப்பலேறிப் போனார்கள். வரைந்த துரை மட்டும் எண்ணெய்த் துணியில் சுற்றி எங்கள் வீட்டுப் பரணில் இருந்தான். எதிரி நாட்டுப் புத்தகம். ராணுவப் போலீஸ் பார்த்தால் என்ன ஆகும் என்று தெரியும். ஆனாலும் எரிக்கவில்லை.

கால் ஊன்ற முடியாமல் நான் படுத்த மூன்றாம் வாரம் சூசை அண்ணன் என்னைப் பார்க்க வந்தார். அவருடைய இரண்டு கால்களும் தூண்போல் வீங்கியிருந்தன. கமலம் அவர் முழங்காலுக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினாள். எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

“அண்ணே, நீங்க லயத்துக்குப் போகாதீங்க. இங்கயே இருங்க,” என்றாள்.

“ரெண்டு நோயாளிய வச்சு என்ன செய்வே, தங்கச்சி?”

“ஒருத்தருக்கு வறுக்கிற தவிட்ட ரெண்டு பேருக்கு வறுப்பேன், வேறென்ன.”

முன்னறையில் எதிரெதிர்ச் சுவரோரம் இருவரும் கிடந்தோம். பகலில் கதவைச் சாத்திவிட்டு, பரணிலிருந்து ஒவ்வொரு புத்தகமாகக் கமலம் எடுத்துத் தருவாள். மெல்லிய குரலில் முதல் இதழிலிருந்து மறுபடி தொடங்கினேன்.

பசியோடு படித்தபோது அது வேறு புத்தகமாக இருந்தது. ஏழாவது இதழில் இருக்கும்போது சூசை அண்ணன் கேட்டார்.

“கிராணி, இவன் எப்பச் சாப்பிடுவான்?”

தேடினோம். துரை சண்டை போட்டான், பறந்தான், பெண்ணைக் காப்பாற்றினான். ஒரு கட்டத்தில் விருந்து மேசை இருந்தது. ரொட்டி, முழுக்கோழி, பழம். அவன் உட்காருவதற்குள் யாரோ ஜன்னலை உடைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அந்தக் கோழியை நாங்கள் இருவரும் வெகுநேரம் பார்த்தோம். இருபத்தெட்டு இதழிலும் அவன் ஒரு வாய் சாப்பிட்டதே இல்லை.

இன்னொன்றும் அவர்தான் கண்டார். பன்னிரண்டாம் இதழின் கடைசிப் படத்தில் துரை கோபுரத்திலிருந்து விழுந்து கற்களுக்கடியில் கிடக்கிறான். பதின்மூன்றாம் இதழின் முதல் படத்தில் சலவைச் சட்டையோடு தெருவில் நடக்கிறான்.

“விழுந்தவன் எப்ப எந்திரிச்சான்? யாரு தூக்குனா? அதக் காட்டலியே,” என்றார்.

அதை நான் பல வருஷங்களாக நினைத்திருக்கிறேன். வரையாமல் விட்ட அந்த ஒரு மாதத்தில்தான் நாங்கள் இருவரும் படுத்திருந்தோம். மலம் அள்ளுவதும் புண் கழுவுவதும் புரட்டிப் படுக்க வைப்பதும் அங்கேதான் நடக்கின்றன. அதை யாரும் படமாகப் போடுவதில்லை.

தவிடு அடியோடு நின்றுபோனது. கமலம் கச்சான் (நிலக்கடலை) தேடிப் போனாள். தலையில் தட்டு வைத்து வறுத்த கச்சான் விற்கும் கோவிந்தன் எங்கள் சந்துக்கு வருபவன். தீவுக்கு அக்கரையில் தாசேக் கெலுகோர் பக்கம் ரப்பர் மரத்தை வெட்டிவிட்டுக் கச்சான் போட்டிருந்தார்கள். அவனுக்குச் சரக்கு வந்துகொண்டிருந்தது. ஆனால் ஜப்பான் நோட்டை அவன் வாங்க மறுத்தான்.

“அக்கா, கடுதாசி இருந்தா குடுங்க. சுத்திக் குடுக்க ஒண்ணும் இல்ல. எலையில வச்சா நமத்துப் போவுதுலா. ஒரு பொஸ்தகம் குடுங்க, ஒரு டின்னு கச்சான் தாரேன்.”

கமலம் உள்ளே வந்து பரணைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அது வேணாம். இங்கிலீஷ் எழுத்து. போலீஸ் பார்த்தா அவனையும் பிடிப்பான், நம்மளையும் பிடிப்பான்,” என்றேன்.

“அட்டையக் கிழிச்சு அடுப்புல போட்டுறேன். உள்தாள் எதுலேர்ந்து வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?”

“வேணாம்னா வேணாம்.”

“பயம்னா அன்னிக்கே எரிச்சிருப்பீங்க,” என்றாள்.

அவள் சொன்னது சரி. எனக்குப் போலீஸ் பயம் இல்லை. வரிசை குலையக் கூடாது என்பதுதான். இருபத்தெட்டும் ஒழுங்காக இருந்தால் போர் முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று மனம் கணக்குப் போட்டிருந்தது. பழைய பஞ்சாங்கத்தைக் கொடுத்தேன். என் பள்ளிக்கூட நிலப்படப் புத்தகத்தைக் கொடுத்தேன். அவை இரண்டு மூன்று நாளைக்கு வந்தன. பிறகு வெறும் மரவள்ளி. இப்படிப் பன்னிரண்டு நாள் போனது.

அந்த நாட்களில் சூசை அண்ணனின் வீக்கம் தொடைக்கு ஏறியது. வயிற்றுக்கு வந்தது. படுத்தால் மூச்சு முட்டியது. சாக்குகளை அடுக்கி அவரைச் சாய்த்து உட்கார வைத்தோம். கழுத்து நரம்பு துடிப்பது எதிர்ச்சுவரிலிருந்தே எனக்குத் தெரியும்.

பன்னிரண்டாம் நாள் அவரே பேசினார்.

“குடுத்துரு, கிராணி.”

“உங்களுக்கும் வேணுமேண்ணே அது.”

“எனக்கு எதுக்குப் பொஸ்தகம்? நான் என்ன படிக்கவா போறேன்? நீ சொன்னதெல்லாம் அப்படியே இருக்கு.” நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். “உனக்குத்தான் தாள் வேணும்.”

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. ஒரு விஷயத்தைத் தெரிவிக்கும் குரல். அன்றே கமலத்திடம் எடுக்கச் சொன்னேன். அட்டைகள் அடுப்பில் எரிந்தபோது சிவப்பு மையும் நீல மையும் பச்சையாக எரிந்தன.

கச்சான் வந்தது. கமலம் அம்மியில் நசுக்கிக் கஞ்சியாக்கி அவருக்கு ஊட்டினாள். முதல் இரண்டு நாள் சிறுநீர் நன்றாகப் போனது. கணுக்கால் எலும்பு லேசாகத் தெரிந்தது. பிழைத்துவிடுவார் என்றே நினைத்தோம்.

ஐந்தாம் நாள் காலை உதடு நீலமாக இருந்தது. மிஞ்சியிருந்த இதழ்களில் ஒன்றை எடுத்து, படிக்கட்டுமா என்று கேட்டேன்.

“வேணாம். இன்னிக்கு நான் சொல்றேன், நீ கேளு.”

பாலம் இடியும் கதையைத் தொடங்கினார். ரயில் வருவதை, அதன் விளக்கை, உள்ளே தூங்கும் பயணிகளை, நான் சொன்ன அதே வார்த்தைகளில் சொன்னார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி மூச்சு வாங்கினார். துரை பாலத்தடியில் வந்து நின்ற இடத்தில் தண்ணீர் கேட்டார். கமலம் தம்ளரோடு வருவதற்குள் தலை சாய்ந்துவிட்டது.

டிரெஸர் வந்து பார்த்தார். நான் அவரிடம் கேட்டேன்: “பன்னெண்டு நாள் முந்தியே கச்சான் குடுத்திருந்தா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தம்பி, நெஞ்சு எப்ப விழுந்ததெண்டு எனக்குத் தெரியாது. தப்பியிருக்கலாம். தப்பாமலும் விட்டிருக்கலாம். அதைக் கேட்டுக்கொண்டே இருந்தால் நீங்கள் எழும்பமாட்டியள்.”

கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். எழுந்தும் விட்டேன். மிச்சமிருந்த இதழ்களையும் ஒவ்வொன்றாகக் கோவிந்தனுக்குக் கொடுத்தோம். அந்தக் கச்சானை நான் மட்டும் தின்றேன். நன்றாக மென்று தின்றேன். இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

குணமாவது ஒரு நாளில் நடக்கவில்லை. நரம்பு மாதக்கணக்கில்தான் திரும்பும் என்று டிரெஸர் சொல்லியிருந்தார். முதலில் முழங்காலில் எறும்பு ஊர்வது போலிருந்தது. பிறகு எரிச்சல். எரிந்தபோது கமலம் சந்தோஷப்பட்டாள். சுவரைப் பிடித்து நடக்க ஐந்து மாதம் ஆனது. கணுக்காலுக்குக் கீழே உணர்வு திரும்பவே இல்லை.

போர் முடிந்து கப்பல்கள் வந்தன. சூலியா தெருவில் பழைய புத்தகக் கடையொன்றில் துரையைப் பார்த்தேன். இதழின் எண் எங்கோ போயிருந்தது. நாங்கள் படுத்திருந்த காலம் முழுவதும் அவன் மாதந்தவறாமல் வந்துகொண்டிருந்திருக்கிறான். அதே முகம், அதே சட்டை. கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. கடைக்காரர் முன்னால் நின்றபடியே முழுவதும் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அதன்பிறகும் படிக்கிறேன். வயதானவனுக்கு இது என்ன பழக்கம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அவர்களிடம் சொல்லாத ஒன்று உண்டு. கண் ஆங்கிலத்தில் ஓடும்போது உள்ளே தமிழில் ஒரு குரல் படித்துச் சொல்லிக்கொண்டே வருகிறது. கடினமான இடம் வந்தால் நிறுத்தி விளக்குகிறது. பக்கத்தில் யாரும் இல்லை.

என் பாதங்கள் இப்போது எனக்குக் கண்ணால் மட்டும் தெரிந்தவை. காலையில் எழுந்ததும் அவை இருக்கிற இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஊன்றுகிறேன். இருட்டில் நடப்பதில்லை. கமலம் தினமும் இரண்டு பாதங்களையும் புரட்டிப் பார்க்கிறாள், காயம் இருக்கிறதா என்று. உங்கள் பாதத்தையும் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் எதையாவது பத்திரப்படுத்தி வைத்திருந்தால், அது யாருக்காவது உணவாகுமா என்று ஒருமுறை யோசியுங்கள். பன்னிரண்டு நாள் யோசிக்காதீர்கள்.

ஆண்டுதோறும் நவம்பரில் கல்லறைத் திருநாளன்று அவரைப் புதைத்த இடத்துக்குப் போகிறோம். மரச் சிலுவை உளுத்து விழுந்து வெகுகாலமாகிறது; குத்துமதிப்பாக ஒரு இடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். இறந்தபோது அவருக்கு நாற்பத்து நான்கு வயது. எனக்கு இப்போது அறுபத்தேழு. என் மூத்த மகன்கூட இன்னும் ஏழெட்டு வருஷத்தில் அவர் வயதுக்கு வந்துவிடுவான்.

இந்த வருஷம் மெழுகுவர்த்தி ஏற்றும்போது, இவர் எனக்குத் தம்பி வயது அல்லவா என்று தோன்றியது. அப்படிக் கூப்பிட்டுப் பார்க்க வாயைத் திறந்தேன். வரவில்லை. “அண்ணே,” என்றேன். கமலம் என் கையைப் பிடித்துக்கொண்டாள், நான் நிற்கும் இடம் சமமாக இருக்கிறதா என்று கீழே பார்த்தபடி.