ஜெசிந்தா அக்கா எதையும் சொல்லவில்லை

ஜெசிந்தா அக்கா இறந்துவிட்டார். வீட்டிலேயே... மாரடைப்பாம்.

யாரோ பகிர்ந்திருந்த மரண அறிவித்தலைப் பார்த்தபோது நான் நம்பவில்லை. அவர் விஷயத்தில் நான் எதையுமே உடனே நம்பியதில்லை.

உங்களில் பலருக்கு அவரைத் தெரிந்திருக்காது. டவுன்ரவுனில் ஒரு பல்கலைக்கழக லாப்பில் வேலை செய்தார். ஓட்டிசத்தின் அறிகுறிகள் கைக்குழந்தையிலேயே தெரியுமா என்று ஆராய்கிற இடம். குழந்தைகளோடு விளையாடுவதும் பெற்றோரோடு பேசுவதும் அவர் வேலை.

என் மூத்தவனுக்கு ஓட்டிசம் என்று எங்களுக்குத் தெரியவந்தபோது அவனுக்கு நாலு வயது. அடுத்தவள் நிலா பிறந்து சில மாதங்களில் ஒரு ஃபோன். தெரியாத நம்பர், நல்ல யாழ்ப்பாணத் தமிழ்.

"அண்ணாவுக்கு இருந்தால் தங்கச்சியையும் வேளைக்கே பாக்கிறது நல்லதம்மா. எங்கட ஸ்ரடிக்கு வாறியளோ?"

என் நம்பர் எப்படிக் கிடைத்தது? மூத்தவனைப் பார்த்த கிளினிக்கில் நானே சம்மதித்திருந்தேனாம். எனக்கு நினைவே இல்லை.

"தமிழ் ஆள் எண்டால் வேண்டவே வேண்டாம்," என்றார் என் கணவர். "நாளைக்கு ஸ்காபரோவில எங்கட சனம் முழுக்க அறியும். பிள்ளைக்கு ஒண்டும் இல்லாட்டியும் ஏதோ இருக்கெண்டு கதைப்பினம்."

இருந்தாலும் போனேன். அஜக்ஸில் எங்கள் வீட்டிலிருந்து 401 நெடுஞ்சாலை நெரிசலில், பின் சீற்றில் நிலா கத்தக் கத்த... பயம்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனது.

அந்த அறை முழுக்கக் கமரா. சுவரில் பெரிய கண்ணாடி.

"உதுக்குப் பின்னால ஆர் நிக்கினம்?" என்று கேட்டேன்.

"வாங்கோ, காட்டிறன்."

பின்னால் ஒரு மாணவி பேகிள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் அவசரமாக ஒளித்தாள். ஜெசிந்தா அக்கா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்குக் காட்டாத இன்னொரு அறையும் இருக்கும் என்று நினைத்தேன்.

அன்று ஒரு சோதனை. நான் குழந்தைக்கு முன்னால் இருந்துகொண்டு கொஞ்ச நேரம் முகத்தில் எதையும் காட்டக் கூடாது. சிரிக்கக் கூடாது, பேசக் கூடாது. குழந்தை என்ன செய்கிறது என்று பார்ப்பார்களாம்.

நிலா என்னைப் பார்த்துச் சிரித்தாள். காலை உதைத்தாள். கையை நீட்டினாள். பிறகு உதடு கோணத் தொடங்கியது...

"ஏலாட்டில் நிப்பாட்டுங்கோ. ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்," என்று மூலையிலிருந்து அவர் குரல்.

பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு கேட்டேன்: "இதுக்கெல்லாம் உங்களுக்கு எப்பிடி அக்கா மனம் வருது?"

"வராது," என்றார். "இன்னும் பழகேல்லை."

அதையும் நான் நம்பவில்லை.

நிலாவுக்கு ஒரு வயதானபோது மறுபடியும் போனோம். நிலா விளையாடிக்கொண்டிருக்க, அவர் பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "நிலா..."

திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார். திரும்பவில்லை. மறுபடியும்...

நான் பிள்ளையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எதுவுமே இல்லை.

கார் வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பார்க்கிங்கில் வைத்துக் கேட்டேன். "அக்கா, உங்களுக்கு விளங்கியிருக்கும். தமிழ் ஆக்களாய் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேலாதோ?"

"தமிழ் ஆக்கள் எண்டபடியால்தான் சொல்லேல்லை. நான் சொன்னால் டொக்டரை விட்டிட்டு என்ர சொல்லைப் பிடிச்சுக்கொண்டு போவியள். அது பிழைச்சால்?"

ஒளிக்கிறார். தெரிந்துகொண்டே ஒளிக்கிறார். வீடு வரும்வரை அதையே நினைத்தபடி காரை ஓட்டினேன்.

அதன்பிறகு அவர் ஃபோனை எடுப்பதை விட்டுவிட்டேன்.

ஒருநாள் என் கணவரின் அம்மாவோடு மார்க்கம் நகரத்துத் தமிழ்க் கடைக்குப் போயிருந்தோம். நிலாவை லாப்புக்குக் கொண்டுபோவது மாமிக்குத் தெரியாது. எதிரே ஜெசிந்தா அக்கா. என்னைக் கண்டார், நிலாவைக் கண்டார். சாமான் வண்டிலைத் திருப்பிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

அடுத்த கிழமை மாமி கேட்டார். "சின்னவளையும் கம்பசுக்குக் கொண்டுபோய்ச் சோதிக்கிறியளாமே?"

வேறு யார் சொல்லியிருக்க முடியும்? உடனே ஃபோன் எடுத்து வாய்க்கு வந்தபடி ஏசினேன். என் பிள்ளையின் பெயரைக் கெடுத்துவிட்டீர்கள் என்று அழுதேன். நான் முடித்தபிறகுதான் அவர் சொன்னார்:

"நான் இல்லையம்மா. நான்தான் எண்டு நினைக்கிறது உங்களுக்கு லேசெண்டால் அப்பிடியே நினையுங்கோ. ஆனால் புதன்கிழமை டொக்டர் வாறா. பிள்ளையைக் கொண்டு வாங்கோ. என்னோட கோவத்தில அவளின்ர நாளைத் தவறவிடாதையுங்கோ."

கோபத்தோடேயே போனேன்.

டொக்டர் எங்களை இருத்திச் சொன்னார். அறிகுறிகள் இருக்கின்றன, இன்னதென்று பெயர் வைக்க இன்னும் காலம் இருக்கிறது, ஆனால் உதவியை இப்போதே தொடங்கலாம் என்று. மூத்தவனுக்கு நாலு வயதுக்குப் பிறகு கிடைத்தது நிலாவுக்கு இரண்டு வயதுக்கு முன்பே கிடைத்தது. பிறகு அவளுக்கும் ஓட்டிசம் என்று உறுதியானது. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பேச விரும்பும்போது பேசுகிறாள். விரும்பாவிட்டால் இல்லை.

மாமிக்கு யார் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது. மாமி சொல்லமாட்டார். என் கணவரைக் கேட்டால், "இப்ப என்னத்துக்கு?" என்று எழும்பிப் போய்விடுகிறார். அவராக இருக்குமோ என்று சில நாள் யோசிப்பேன். ஜெசிந்தா அக்காவாக இருக்குமோ என்று சில நாள்.

இன்று பின்னேரம் அவர் உடலைப் பார்வைக்கு வைத்திருந்த இடத்துக்குப் போனோம். அவருடைய சேர்ச் சபை ஆட்கள், சொந்தக்காரர்... பின் வரிசைகளில் என்னைப் போலவே பிள்ளைகளோடு சில தாய்மார். ஒரு பையன் காதை அடைக்கும் ஹெட்ஃபோனோடு சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்துகொண்டிருந்தான்.

வெளியில் கதைப்பார்களோ என்று நான் அவர்களைச் சந்தேகமாகப் பார்த்தேன். அவர்களும் என்னை அப்படித்தான் பார்த்தார்கள்.

நிலா கதிரைகளுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த பெண் ஒன்றும் கேட்கவில்லை. அவள் நீட்டிப் படுக்கத் தன் காலை மட்டும் கொஞ்சம் ஒதுக்கினார்.

ஆறுதலாய்ப் படுங்கோ, அக்கா.