நான் கிழித்த மூன்று நாட்கள்

அம்மப்பாவுக்கு மூன்று பெண்பிள்ளைகள். ஆகவே அவருக்கு மூன்று வீடுகள். ஒரு மாதம் அச்சுவேலியில் பெரியம்மா வீடு, அடுத்த மாதம் மானிப்பாயில் சின்னம்மா வீடு, அதற்கடுத்த மாதம் எங்கள் வீடு. பெரியவர்கள் எல்லோரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிக் கதைத்து இப்படி முடிவெடுத்தார்கள். ஒருவருக்கும் குறை வராத ஏற்பாடு. அம்மப்பாவிடம் மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

மூன்று வீடுகளிலும் கடலோரமாக இருந்தது எங்களுடையது மட்டுந்தான். பெரியம்மாவும் சின்னம்மாவும் சண்டையால் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் கலியாணம் முடித்து, போன இடங்களிலேயே தங்கிவிட்டார்கள். கண்ணில் வெள்ளை படரும் வரைக்கும் கடலுக்குப் போய்வந்த மனிதர் அம்மப்பா. எங்கள் முறை வந்தால் பஸ்ஸால் இறங்கி, பையுடன் நேரே கரைக்குத்தான் போவார். காலையும் முகத்தையும் கடல்நீரில் கழுவிய பிறகுதான் வீட்டுப் படலையைத் திறப்பார்.

"முதல்லை வந்து ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனால் என்னப்பு? கடல் என்ன ஓடிப்போகுமே?" என்று அம்மா ஏசுவார்.

"கடல் ஓடாது பிள்ளை. மாசம் ஓடிப்போம்."

எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் கையெழுத்து மட்டும் வைப்பார்கள். அதனால் சுவரில் தொங்கிய நாட்கலண்டர் என் பொறுப்பில் இருந்தது. காலையில் பல் தீட்டியதும் ஒரு தாளைக் கிழிப்பேன். அந்த வீட்டில் நாளை விடியவைப்பவன் நானே என்று அந்த வயதில் எனக்கு ஒரு பெருமை. அம்மப்பா திகதி விசாரிப்பதில்லை. வந்த அன்றைக்கே என்னிடம் சொல்லிவிடுவார்: "மாசக் கடைசியிலை பின்னேரம் எனக்குச் சொல்லு மோனை. விடிய நான் பஸ் எடுக்கவேணும்." யாராவது கூட்டிக்கொண்டு போகிறோம் என்றால் கோபம் வரும். "நான் என்ன பார்சலே, ஆள் வைச்சு அனுப்ப?"

அந்த வருடம் நான் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்தேன். வகுப்பு ரீச்சர் மற்றப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை, இருபத்தொன்பதாம் திகதி. எங்கள் வீட்டுக்கு ஒரு ரீச்சர் வருவது அதுவரை நடக்காத காரியம். அம்மா விறாந்தையை நாலு தரம் கூட்டினார். கூட்டக் கூட்ட, அங்கே கிடந்த அம்மப்பாவின் சாக்குக் கட்டிலும், அதன் கீழே அவர் இரவில் சலம் கழிக்கும் பழைய பால்மாத் தகரப் பேணியும் மேலும் பெரிதாகத் தெரிந்தன.

"ரீச்சரவை வரேக்கை உந்தக் கட்டிலை எங்கையப்பா கொண்டுபோய்ப் போடுறது?" என்று அம்மா அப்பாவிடம் கேட்டார்.

"அடுத்த ஞாயிறெண்டால் பிரச்சினையில்லை. அவர் அக்கா வீட்டை போயிருப்பார்," என்றார் அப்பா.

அம்மப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நித்திரை என்று நினைத்தோம்.

எனக்குப் பேணியைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மப்பா கழுத்தை நீட்டி, "ஆர் இது? நீங்கள் ஆற்றை பிள்ளை?" என்று கேட்பார். யாருடைய பிள்ளை என்று பதில் வந்தால் அவர்களின் பாட்டன் பூட்டன்வரை போய் இழுத்து வருவார். ரீச்சரைப் பார்த்து அப்படிக் கேட்டால் நான் எந்த முகத்தோடு பள்ளிக்கூடம் போவது?

பொய் சொல்வது பாவம் என்று பள்ளிக்கூடத்தில் படிப்பித்திருந்தார்கள். நான் நல்ல மாணவன். ஆகவே வெள்ளிக்கிழமை, இருபத்தேழாம் திகதி, பள்ளிக்கூடத்தால் வந்ததும் அன்றைய தாளைக் கிழித்தெறிந்து, இனி வரவிருந்த மூன்று நாட்களையும் சேர்த்துக் கிழித்துச் சமயப் புத்தகத்துக்குள் வைத்தேன். கலண்டர் ஒன்றாம் திகதியைக் காட்டியது. இனி நான் சொல்லப்போவது பொய்யில்லை, கலண்டரில் உள்ளது.

பின்னேரம் வழக்கம்போல அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தார். வாடைக்காற்று தொடங்கியிருந்தது. கணுக்கால் நனைய நின்றோம்.

"அம்மப்பா, விடிஞ்சால் ஒண்டாந் திகதி."

அவர் முகத்தை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தார். உச்சியில் பாதி நிலவு நின்றது. அவர் கண்ணுக்கு அது ஒரு வெள்ளைக் கறையாகத் தெரிந்திருக்கலாம்.

"பறுவத்துக்கு இன்னும் ஏழு நாள் கிடக்கு," என்றார்.

எனக்குப் பூரணையில் அக்கறை இல்லை. "ஓம்" என்றேன்.

"அப்ப சரி மோனை. கொஞ்ச நேரம் நிண்டிட்டுப் போவம்."

இருட்டும்வரை நின்றோம். எனக்குக் கால் விறைத்தது.

மற்ற மாதங்களில் அம்மாவிடம் சொல்லி, அம்மா கட்டிக்கொடுத்த சாப்பாட்டோடுதான் புறப்படுவார். மறுநாள் விடிய, அம்மா கருவாடு போடக் கரைக்குப் போய்விட்டாரா என்று அம்மப்பா என்னைப் பார்த்து வரச் சொன்னார். பிறகுதான் பையை எடுத்தார். எல்லாம் எனக்கு வசதியாக நடக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். பஸ் வந்ததும் என் தலையைத் தடவி, "ரீச்சர் வந்தால் வடிவாய் மரியாதையாய்க் கதை. போட்டு வாறன்," என்றார்.

மத்தியானம் பெரியம்மாவின் போன் வந்தது. அச்சுவேலியில் கத்தியது எங்கள் குசினிவரை கேட்டது.

"இண்டைக்கு இருவத்தெட்டெல்லேடி! அதுக்கிடையிலை ஏன் அனுப்பினனி?"

அம்மா கலண்டரைப் பார்த்தார். எழுத்துத் தெரியாவிட்டாலும், ஒரேயொரு கோடாக நிற்கும் ஒன்று யாருக்கும் தெரியும். பிறகு என்னைப் பார்த்தார். நான் அடிக்குத் தயாராக நின்றேன். அதற்குள் பெரியம்மாவே மறுமுனையில் தொடர்ந்தார்: "தான்தான் நாளை மாறி எண்ணிப்போட்டாராம். கேட்டால் அப்பிடித்தான் சொல்லுறார்."

அம்மா என் முகத்திலிருந்து பார்வையை எடுத்தார். "ஓமக்கா. அப்புவுக்கு இப்ப கொஞ்சம் மறதிதான்," என்றார்.

போனை வைத்ததும் கட்டிலை மடித்துக் கொல்லைப்புறம் கொண்டுபோனார். பேணியைக் கழுவிக் கவிழ்த்தார். எனக்கு அடி விழவில்லை. அடுத்த நாள் ரீச்சர் வந்தார், கேக் சாப்பிட்டார், வீடு நல்ல துப்புரவு என்று அம்மாவைப் பாராட்டினார்.

நாள் மாறி எண்ணுகிற கிழவனைத் தனியே பஸ்ஸில் விடலாமா என்று பெரியம்மா வீட்டில் மறுபடி கூடிக் கதைத்தார்கள். இப்படி மறதி உள்ளவரைக் கடலோரத்தில் வைத்திருக்கலாமா என்று அடுத்த கேள்வி வந்தது. தண்ணிக்குள் இறங்கிவிட்டால்? அதனால் எங்கள் முறையை நீக்கி இரண்டு வீடாக்கினார்கள். அவருக்கு நல்லது என்றுதான் செய்தார்கள். அம்மா மறுத்துக் கதைக்கவில்லை. எப்படிக் கதைப்பார்?

அந்த மூன்று தாள்களும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. அந்த முறை பறுவம் நாலாம் திகதி. நான் சொன்ன கணக்குப்படி அதற்கு நாலு நாள்தான் இருந்திருக்கவேண்டும். அவர் ஏழு என்றார். படிப்பு முடித்து, ஊருக்குப் போன ஒரு பின்னேரம், உச்சியில் பாதி நிலவைக் கண்டபோதுதான் விரல் மடித்து எண்ணிப் பார்த்தேன். இருபத்தேழிலிருந்து எண்ணினால்தான் ஏழு வரும். அதன் பிறகு எத்தனையோ தரம் அந்தக் கட்டிலை மனதுக்குள் விறாந்தையில் திரும்பப் போட்டிருக்கிறேன். பேணியும் கீழே இருக்கட்டும். அவர் கழுத்தை நீட்டி, ரீச்சரைப் பார்த்து, "நீங்கள் ஆற்றை பிள்ளை?" என்று ஒரு தரம் கேட்கட்டும்.

அவரைக் கடைசியாகப் பார்த்தது நான் இன்னும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், மானிப்பாயில், சின்னம்மா வீட்டு அறையொன்றில். சொந்தக்காரர் நிறையப் பேர் வந்திருந்தார்கள். அவருடைய மறதியைக் காட்டுவதற்காகச் சின்னம்மாவின் புருஷன் குனிந்து, சத்தமாகக் கேட்டார்:

"மாமா, இண்டைக்கு எத்தினையாந் திகதி?"

அம்மப்பா சற்றுமுன் என் குரல் கேட்ட பக்கம் முகத்தைத் திருப்பினார். உதட்டில் சிரிப்பு இருந்தது.

"உவனைக் கேளுங்கோ. திகதியெல்லாம் உவன்ரை கையிலைதான்."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் எழுந்து வெளியே போனார். அத்தனை பேருக்கு முன்னால் அம்மப்பா என் படிப்பைப் புகழ்கிறார் என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சுவரிலிருந்த கலண்டரை எட்டிப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.

அன்றைக்கு நான் சரியான திகதியைத்தான் சொன்னேன்.