ஒரு ஆள் சோற்றுக்கு எவ்வளவு தண்ணீர்

சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் கலவைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எதை எதோடு எத்தனை பங்கு கலப்பது என்பதுதான் என் பிழைப்பு. தொட்டி பெரிதோ சிறிதோ, பங்கு மாறாவிட்டால் சரக்கும் மாறாது. இதைச் சொல்லிச் சொல்லியே என் மனைவிக்குக் காது புளித்துப்போயிருந்தது.

போன வருஷம் அவள் போய்ச் சேர்ந்தாள். சிதம்பரத்தில் இருக்கும் மகன் போன் பண்ணும்போதெல்லாம், கிளம்பி வந்துவிடச் சொல்வான். எனக்கு என்ன குறைச்சல், சமைக்கத் தெரியாதா என்று முறைத்துக்கொள்வேன். சோறாக்கத் தெரியவில்லை என்றால் குடிகாடு கிராமத்தில் இருக்கும் வீட்டைப் பூட்டிக்கொண்டு அவனிடம் போக வேண்டியதுதான். அதற்காகவே வீம்பாக அடுப்படிக்குள் நுழைந்தேன்.

அவள் கஞ்சி வடிக்க மாட்டாள், சத்து போய்விடுமாம். எங்கள் இரண்டு பேருக்கு ஒரு டம்ளர் அரிசி, இரண்டரை டம்ளர் தண்ணீர். எனக்கு மட்டும் என்றால் அரை டம்ளர் அரிசி, ஒன்றேகால் டம்ளர் தண்ணீர். இதில் என்ன பிரமாதம்? அவளுடைய வாயகன்ற குண்டானிலேயே வைத்தேன். அடிப்பிடித்துவிட்டது. மேலே இருந்தது வேகவே இல்லை. மறுநாளும் அதே கதி. அரிசியைத் திட்டினேன், அடுப்பைத் திட்டினேன். கருகியதைச் சுரண்டித் தின்றுவிட்டு, சாப்பாடு ஜோர் என்று மகனிடம் சொன்னேன்.

ஒரு நாள் கொதிக்கும் குண்டானைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் உறைத்தது. அரிசி குடிக்கும் தண்ணீர் அரிசிக்குத் தக்கபடி குறையும். ஆவியாகப் போவது குண்டானின் வாயைப் பொறுத்தது. வீட்டில் ஒரு ஆள் குறைந்தது அதற்குத் தெரியாது. தொழிற்சாலையில் தொட்டிகள் இறுக மூடியிருக்கும், ஆவி போகாது. காலமெல்லாம் அங்கேயே இருந்தவனுக்கு இது தோன்றவில்லை.

தண்ணீரைக் கூட்டிப் பார்த்தேன். ஒரு நாள் குழைந்தது, ஒரு நாள் தீய்ந்தது. சின்னப் பாத்திரம் வாங்குவதுதான் வழி. ஆனால் வாங்கப் போக மனசே வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பாத்திரக்கடைக்குப் போனேன். எத்தனை பேருக்கு என்று கடைக்காரர் கேட்டார். ஒருத்தருக்கு என்றேன். மேல் தட்டிலிருந்து சின்னதாக ஒன்றை எடுத்து வைத்தார். எங்கள் பக்கம் புதுப் பாத்திரத்தில் பெயர் வெட்டாமல் வீட்டுக்கு எடுத்துப்போக மாட்டோம். என்ன பெயர் என்று கேட்டார். எங்கள் வீட்டில் எது வாங்கினாலும் அவள் பெயர்தான். யோசிக்காமல் அதையே சொன்னேன். மிஷினால் எழுத்து எழுத்தாக வெட்டி, தூளை ஊதித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"பாவம், இந்தம்மா தனியாவா இருக்காங்க சார்?"

பாத்திரத்தைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

"இல்லீங்க. நான்தான் தனியா இருக்கேன்."