விளையாடிப் பார்த்துக் குறை சொல்லும் வேலை

வீடியோ கேமை விளையாடிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு என்றால், கேட்பவர்கள் முதலில் பொறாமைப்படுவார்கள், அடுத்து, "சரிங்க, வேலைக்கு எப்பப் போவீங்க?" என்பார்கள்.

நாள் முழுக்க ஒரே சுவரில் முட்டி, அது சுவர்தானா என்று சோதித்துக்கொண்டிருக்கும் சக ஜீவன்களே, உங்களுக்காவது என் பாடு புரியும். கணபதி ஏரியாவில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். பம்புசெட் கம்பெனிகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்த ஓனர் மூர்த்தி அண்ணனுக்கு ஒருநாள் ஆசை வந்துவிட்டது. நான்கு பேர் அவரவர் போனில் சேர்ந்து ஆடும் மாயாஜாலச் சண்டை விளையாட்டு. மலைக்கோட்டையில் ஏறி, அதைப் பிடிக்க வரும் அரக்கனை வீழ்த்த வேண்டும். பில் வேலையை நிறுத்திவிட்டு எல்லோரையும் இதில் இறக்கிவிட்டார். இது தேறாவிட்டால் ஆபீஸை மூட வேண்டியதுதான். நான் 'சரி' சொல்லாமல் வெளியிடுவதில்லை என்று வேறு வாக்குக் கொடுத்திருந்தார்.

சுவருக்குள் பிணம்

காய்ச்சல் என்று ஒருநாள் போத்தனூர் வாடகை வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். செத்து விழும் அரக்கப் படையாட்கள் தரையில் கிடக்காமல் சுவருக்குள் நழுவிக்கொண்டிருந்தார்கள். புரோகிராம் எழுதும் பிரவீனை போன் ஸ்பீக்கரில் போட்டு விளக்கினேன். "இன்னொருத்தனையும் கொன்னு பாத்துட்டேன் பிரவீன். பொணம் செவுத்துக்குள்ள போயிருச்சு, காலு மட்டும் வெளிய தெரியுது. வேணும்னா இன்னும் ரெண்டு பேரக் கொல்றேன்."

ஜன்னலுக்கு வெளியே துணி உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றது. வீட்டுக்கார அம்மா கதவைத் தட்டினார். கம்ப்யூட்டரைக் காட்டி, இது விளையாட்டு, இது அரக்கன், இது என் வேலை என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, காய்ச்சலுக்கு ரசம் கொண்டுவந்து கொடுத்தார். போகும்போது சுவரை ஒருமுறை தடவிப் பார்த்தார். "எதைக் கொன்னாலும் கொல்லு கண்ணு, செவுத்துல ஆணி மட்டும் அடிச்சுப்போடாத. இப்பத்தான் பெயிண்ட் அடிச்சிருக்குது."

வாசலில் நின்ற வீரர்கள்

வெளியாட்களை விட்டும் ஆடிப் பார்க்க வேண்டும். மூர்த்தி அண்ணனுக்குத் தூரத்துச் சொந்தமான பழனிசாமி அண்ணன் சூலூரில் தறி ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை தறி நிற்கும் என்பதால் தங்கை வீட்டுக்காரரையும் இரண்டு நண்பர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். நால்வருமே போன் விளையாட்டில் கில்லாடிகள்.

கோட்டைக்கு ஒரு இடுக்கு வாசல் உண்டு. ஒரு நேரத்தில் ஓர் ஆள்தான் நுழைய முடியும். பின்னாலேயே நெருப்பைக் கக்கியபடி யாளி துரத்தி வரும். நால்வரும் வாசல்வரை பறந்து வந்தார்கள், அங்கேயே நின்றார்கள், யாளி வந்து எல்லோரையும் வறுத்தது. அடுத்த ஆட்டத்திலும் அதே கதை. பக்கத்து அறையில் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருந்த பிரவீன், வாசலில் ஏதோ கோளாறு என்று புரோகிராமைப் பிரித்துப் போட்டுத் தேட ஆரம்பித்துவிட்டான்.

நான் எழுந்து போய் அவர்கள் அறையில் எட்டிப் பார்த்தேன். "மாப்பிள்ளை, நீங்க போங்க." "இல்லீங் மச்சான், நீங்க மொதல்ல." கேமில் ஒரு குறையும் இல்லை. ஏனுங்கண்ணா, உயிர் போகிற நேரத்தில் யார் முதலில் போனால் என்ன என்று கேட்டேன். பழனிசாமி அண்ணன் போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "மாப்பிள்ளைய உட்டுப்போட்டு நாம முந்திப் போனா, நாளைக்குத் தங்கச்சி ஊட்டுல எப்பிடிங்க கை நனைக்கறது?"

வாசலை அகலமாக்கிவிட்டோம்.

ரெண்டாம் வாளி

ஆடி முடித்த எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: நல்லா இருக்குதுங்க. மூர்த்தி அண்ணன் பூரித்துப் போனார். எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. நானும் இந்த ஊர்க்காரிதானே. கல்யாணப் பந்தியில் சாம்பாரில் உப்பே இல்லாவிட்டாலும் அருமை என்றுதான் சொல்லுவோம். ரெண்டாம் தடவை வாளி வரும்போதுதான் கை இலையை மறைக்கும். அதனால் எப்படி இருக்கிறது என்று கேட்பதை விட்டுவிட்டு, இன்னொரு ஆட்டம் போடலாமா என்று கேட்டுப் பார்த்தேன். "இன்னொரு நாளைக்குப் பாக்கலாமுங்க" என்று எல்லோரும் சிரித்தபடி எழுந்தார்கள்.

இப்போதைக்கு வெளியிட வேண்டாம் என்று மூர்த்தி அண்ணனிடம் சொன்னேன். பிரவீனுக்கும் மற்றவர்களுக்கும் வேலை போனால் என்னால்தான் போகும் என்று பயமாக இருந்தது. அவர் கத்தவில்லை. டீ டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். "ஊரே நல்லாருக்குதுங்குது. நீங்க ஒருத்தர் நல்லால்லீங்கறீங்க. அதுக்கு நாந்தானுங்க சம்பளமும் குடுக்கறேன்."

செத்தவருக்கும் வேலை

அடுத்த ஞாயிறு அந்த நால்வரும் வந்தபோது நான் விளையாட்டைப் பார்க்கவில்லை, விளையாடுகிறவர்களைப் பார்த்தேன். அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. சண்டையில் ஒருவர் செத்தால், மிச்ச மூவர் ஆடி முடிக்கும்வரை அவருக்கு வெறும் கறுப்புத் திரைதான். முதலில் செத்த நண்பர் கொஞ்ச நேரம் மரியாதைக்கு உட்கார்ந்திருந்தார். பிறகு வாட்ஸ்அப் பார்த்தார். பிறகு பேக்கரிக்குப் போனவர் திரும்பவே இல்லை. விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு ஆளைக் கவனிக்காமல் விட்டால் யார்தான் இருப்பார்கள்?

செத்தவரைப் பேயாக்குவோம் என்றேன். அரக்கன்மேல் கல்லை உருட்டிவிடட்டும், விளக்கை ஊதி அணைக்கட்டும், கூட்டாளிக்கு வழி காட்டட்டும். மூர்த்தி அண்ணன் தலையாட்டினார். பிரவீன்தான் தலையில் கை வைத்தான். "உசுரோட இருக்கறவனுக்கே இங்க வேலை ஓயல, செத்தவனுக்கும் நான் வேலை குடுக்கோணுமாங்க்கா?"

வரவேற்புக்கு நேரமாச்சு

பேய்கள் தயாரான பிறகு அதே நால்வரை மறுபடி அழைத்தோம். அன்று சாயங்காலம் சொந்தத்தில் ஒரு கல்யாண வரவேற்பு, ஒரே ஆட்டம்தான் என்று வரும்போதே பழனிசாமி அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வெள்ளை வேட்டி சட்டையோடுதான் உட்கார்ந்தார். ஆரம்பித்த சூட்டில் செத்தும் போனார்.

இதோ எழுந்துவிடுவார் என்று மூர்த்தி அண்ணனும் நானும் அறை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் எழவில்லை. ஒரு ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்கியது, அதிலும் செத்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பேயாகக் கல்லை உருட்டினார். அவருடைய இன்னொரு போன் அடித்தது. அவர் மனைவி. மண்டபத்துக்குக் கிளம்பாமல் என்ன செய்கிறீர்கள் என்று அவர் கேட்டது எங்களுக்கே கேட்டது. பழனிசாமி அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார்: "நான் செத்து ரொம்ப நேரமாச்சு அம்மணி. நீ முன்னால போய் மொய்ய வெச்சுரு. இவிகள உட்டுப்போட்டு நான் வந்தா அரக்கன் கோட்டைய எடுத்துக்குவான்."

அந்த இடத்திலேயே நான் சரி சொல்லிவிட்டேன். விளையாட்டு வெளியாகி ஆபீஸும் தப்பித்தது, என் வேலையும் தப்பித்தது, அன்றைக்கு வீட்டில் அந்த மனிதர் எப்படித் தப்பித்தார் என்பது மட்டும் இதுவரை என் சோதனைக்கு வரவில்லை.